மஞ்சள் நாற்று

ஜனவரி 18, ஞாயிறு

இன்று கூட்டத்தில் பேசினேன். எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் சேர்ந்த நாள் முதல் கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து வருகிறவள் நான். இன்று நின்றுகொண்டு, குரல் நடுங்காமல், நீளமாகப் பேசினேன். வெள்ளோடைக்கு மேலே இருக்கும் சதுப்பில் இனிமேல் கருமண் வெட்டக் கூடாது என்று.

இந்த மலையில் கோஸ், காலிஃபிளவர் நாற்று விடுகிறவர்கள் எல்லோரும் குழித்தட்டை அந்த மண்ணால்தான் நிரப்புகிறார்கள். புல்லும் பாசியும் தண்ணீருக்கு அடியில் மட்க முடியாமல் பல ஆயிரம் வருடங்கள் அமுங்கிக் கிடந்து உண்டான மண். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும். புத்தகங்களில் பீட் என்று படித்தபோது, அட, இது நம் கருமண் ஆயிற்றே என்று தோன்றியது. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்தச் சதுப்புதான். வெட்ட வெட்ட ஓடை மாசியிலேயே வற்றிப்போகிறது. இதையெல்லாம் சொன்னேன். மக்கிய குப்பையிலேயே நாற்று விடலாம், நான் விட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

குழுத் தலைவர் காசிராஜன் மாமா தாடையைத் தடவிக்கொண்டார். "பிள்ளை சொல்றது நாயந்தான். ஆனா கருமண்ணுல வார மாதிரி குப்பையில வருமா? வந்துருச்சுன்னா ஒரு மம்பட்டி சதுப்புல இறங்காது, நான் பொறுப்பு. வரலேன்னா யாரையும் என்னால தடுக்க முடியாதும்மா."

"வரும் மாமா" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

ஜனவரி 21, புதன்

நாற்று விட்டாயிற்று. குப்பை மட்டும் போட்டால் கனத்து நீர் தேங்கும், லேசான எதையாவது கலக்க வேண்டும் என்று படித்திருந்தேன். மர அறுப்புப் பட்டறையில் தூள் மலையாகக் குவிந்து கிடக்கிறது. குப்பை இரண்டு பங்கு, மரத்தூள் ஒரு பங்கு. மதினி பஞ்சவர்ணம் கூடவே சலித்தாள். கருமண்ணைப் போலவே உதிரியாக வந்தது.

விதை போடுவதற்கு முன் மதினி கேட்டாள். "குருவம்மா சித்தியைக் கூப்பிட்டு முதல் விதை போடச் சொல்லிருவோமா?"

எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். யார் வீட்டில் நாற்று விட்டாலும் வெற்றிலை பாக்கு வைத்துக் குருவம்மா சித்தியை அழைப்பார்கள். கை கழுவி, கிழக்கே பார்த்து நின்று, முதல் குழியில் அவள் ஒரு விதை போட்டால்தான் மற்றவர்கள் தொடுவார்கள். கைராசிக்காரி. மாரியம்மன் கோவில் முளைப்பாரிக்கும் இருபது வருடமாக அவள் கைதான் முதலில் விதை தூவுகிறது.

"கையா மதினி முளைக்க வைக்குது? ஈரமும் சூடும் முளைக்க வைக்குது" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சித்தியே போய்க்கொண்டிருந்தாள். நின்றாள். "என்ன வதனி, வெத்தலைச் செலவு மிச்சமா?"

சிரித்துச் சமாளித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே போனாள். ஆனால் வழக்கமாகப் போகும்போது வேலிப்பூவைக் கிள்ளித் தலையில் வைப்பாள். இன்று வைக்கவில்லை.

ஜனவரி 29, வியாழன்

முளைத்துவிட்டது! குழிக்குக் குழி இரட்டை இலை. அண்ணன் பூண்டு வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "படிச்சது வீண் போகலை" என்றான். அவன் வாயிலிருந்து இவ்வளவு வருவது அபூர்வம்.

பிப்ரவரி 9, திங்கள்

பத்து நாட்களாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. நாற்று வளரவில்லை. முதலில் கீழ் இலை வெளுத்தது. இப்போது தட்டு முழுக்க மஞ்சள், காமாலைக் கண் மாதிரி.

காரணம் தெரிந்துவிட்டது. நான் படித்த அதே புத்தகத்தில், நான் அவசரமாகத் தாண்டிய பக்கத்தில் இருக்கிறது. பச்சை மரத்தூள் மட்குவதற்குத் தழைச்சத்து வேண்டும். சுற்றியிருப்பதையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. ஒரு வருடம் ஊறப்போட்ட தூளைத்தான் கலக்கலாம். அல்லது தூளே இல்லாத பழைய குப்பை.

மறுபடி விடலாம். ஆனால் 22ஆம் தேதி குழு பார்க்க வருகிறது. இந்தத் தட்டைப் பார்த்தால் மறுநாளே கருமண் ஏற்ற டிராக்டர் சதுப்பில் இறங்கும்.

சதுப்புக்காகத்தான் கவலைப்படுகிறேன்.

பிப்ரவரி 11, புதன்

அண்ணன் கொடைக்கானல் சந்தைக்குப் போயிருந்தான். மதினி அவள் அம்மா வீட்டுக்கு. பூண்டுக்கு மேலுரம் போட அண்ணன் வாங்கிய மூட்டை கொட்டகை மூலையில் இருக்கிறது. நல்ல வெயில். தட்டுகளுக்கு நானே தண்ணீர் ஊற்றினேன். வாளி காலையிலிருந்து வெயிலில்தான் இருந்தது. ஆனாலும் கை விட்டபோது தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

நாற்று பச்சையாகிவிட்டது. மதினிதான் முதலில் பார்த்தாள். "ஏய் வதனி, இங்க பாரேன், மூச்சு வந்துருச்சு!" என்று கத்தினாள். கொட்டகைக்குள் துடைப்பம் எடுக்கப் போனவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அவள் நாற்றைப் பற்றிப் பேசவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்தார்கள், பார்த்தார்கள். காசிராஜன் மாமா ஒரு நாற்றைக் குழியோடு உருவித் தலைகீழாகப் பிடித்தார். "வேரைப் பாருங்கய்யா. கருமண்ணு தோத்துச்சு."

ஒருவர் கேட்டார், "வேற எதும் ஊத்தலையே தாயி?"

"தண்ணி ஊத்தினேன்" என்றேன். அது பொய் இல்லை.

குருவம்மா சித்தியும் வந்திருந்தாள். இடுப்பில் கை வைத்துத் தட்டுகளை ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஏத்தா, நான் கை வைக்காமலே இம்புட்டுப் பச்சையா? அப்ப இனிமே என் கையைச் சோறு பிசையத்தான் வச்சுக்கிறணும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். "சித்தி, இது குப்பையோட வேலை" என்றேன்.

"குப்பைக்கும் ஒரு ராசி வேணும்டி" என்றாள். ஆனால் விடைபெறும்போது என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

என் நாற்றை மூன்று வீட்டுக்காரர்கள் நடவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த போகத்துக்கு எல்லோரும் இதே கலவையில் விடுவதாக முடிவு. இரண்டு பங்கு குப்பை, ஒரு பங்கு தூள் என்று எல்லோர் வாயிலும் பாடம் ஆகிவிட்டது. மரத்தூளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்குக் குறைக்க வேண்டும், உனக்கு நன்றாகத்தானே வந்தது என்று கேட்பார்கள்.

சதுப்பில் மம்பட்டி இறங்கவில்லை. அதை நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஊரே நாற்று விடுகிறது. குருவம்மா சித்தி கரை வைத்த சேலை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். மடியில் வெற்றிலை சேர்ந்து சேர்ந்து, சாயங்காலம் பார்த்தபோது கர்ப்பிணி மாதிரி நடந்தாள். "சின்ன வயசுல வயிறு தள்ளுனதோட சரி, இப்ப வெத்தலையால தள்ளுது" என்று தெருவில் அவளே சொல்லிச் சிரித்தாள்.

அவள் தன் வீட்டிலும் எட்டுத் தட்டு போட்டிருக்கிறாள். "வந்து பாருடி, உன் கணக்கு சரியா இருக்கானு" என்று கூப்பிட்டாள். போனேன். கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அரிசியைப் போல அளந்து, துல்லியமாகக் கலந்திருந்தாள். சரியாக இருக்கிறது சித்தி என்றேன்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லா வீட்டிலும் மஞ்சள்.

காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறார்கள். தண்ணீர் அதிகமோ, பனி பட்டதோ என்று ஏதேதோ சொன்னேன். மாட்டு மூத்திரக் கரைசல் ஊற்றச் சொன்னேன். அது உதவும், கொஞ்சம் உதவும், அதற்குள் பருவம் போய்விடும்.

குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டேன். நான் நிற்பதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி வந்துச்சு? அதே குப்பை, அதே தூளு."

"அவ குருவம்மாளைக் கூப்பிடலைல்ல."

"அட, ஆமா."

"அதான் சொல்றேன். கை மாறிருச்சு."

குடம் வழிந்து கால் நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

மார்ச் 26, வியாழன்

குருவம்மா சித்தி வந்தாள். மதினி வயலுக்குப் போயிருந்தாள், நான் மட்டும்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரண்டு கையையும் மலர்த்தி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு."

"என்ன சித்தி?"

"நீ படிச்சவ. பாத்துச் சொல்லு. இந்தக் கைக்கு என்ன ஆச்சு?"

தொட்டுப் பார்த்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. விரல் நுனியெல்லாம் வெடிப்பு, உள்ளங்கை மெழுகு போல வழவழப்பு.

"ஒண்ணும் ஆகலை சித்தி. கைராசின்னு ஒண்ணு கிடையாது."

"கிடையாதுங்கிறியா? இருந்துச்சுடி. தைமாசம் வரைக்கும் இருந்துச்சு." கையை இழுத்துக்கொண்டாள். "தங்கச்சி வீட்டு எழவுக்குப் போயிட்டு வந்து தலை முழுகாம விதையைத் தொட்டுட்டேனோ என்னமோ. இல்ல, வெத்தலை வாங்குற ஆசையில வீடு வீடாத் திரிஞ்சனே, அது பொறுக்கலையோ ஆத்தாளுக்கு. உன்னையும் அன்னைக்கு வேலியில நின்னு குத்திப் பேசினேன். அதுவா இருக்குமோடி? மனசுல வச்சுக்கிராத."

நினைத்துப் பார்க்கிறேன், என் வாய் திறந்துதான் இருந்தது. டீ போடட்டுமா சித்தி என்று கேட்டேன்.

வட தேசங்களில் பீட் தோண்டுகிறவர்களுக்குச் சில நேரம் மனித உடல்கள் கிடைக்குமாம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கழுத்தில் கயிறு இறுக்கிப் புதைத்தவை. தோல் கறுத்திருக்கும், மற்றபடி இமை மயிர் கூட அப்படியே. காற்றுப் புகாத இடத்தில் எதுவும் மட்குவதில்லை. முன்பு படித்தபோது அதிசயமாக இருந்தது. இன்று அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, படத்தைப் பார்க்காமல் மூடி வைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

காசிராஜன் மாமா வீட்டில் மறுபடி தட்டு போடுகிறார்கள். எனக்கு வெற்றிலை பாக்கு வந்தது.

வெற்றிலையோடு வந்தவர் மாமாவே. முடியாது என்று சொல்ல எத்தனை வாக்கியம் தயார் செய்தேன், ஒன்றையும் சொல்லவில்லை. போனேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார்கள். கலவையைக் கிளறினேன், அதே பொன்னிறத் தூள். முதல் குழியில் விதை போட்டேன். பெண்கள் குலவையிட்டார்கள்.

திரும்பும்போது குருவம்மா சித்தி குழாயடியில் இருந்தாள். என் கையில் இருந்த வெற்றிலையைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிய குடம் அது.

ஏப்ரல் 7, செவ்வாய்

முளைப்பாரிக்கு இன்று கோவிலில் பெண்கள் கூடினார்கள். 28ஆம் தேதி விதை தூவுவது. பூசாரி வீட்டு அம்மா பேச்சை எடுத்தார். "குருவம்மா தப்பா நினைக்கக் கூடாது. ஊரு நல்லா இருக்கணும்ல. இந்த வருசம் வதனி முதல் விதை போடட்டும்."

சித்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "போடட்டும், போடட்டும். சின்னப் பிள்ளை கை, சுத்தமான கை" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன்.

"நான் நாத்துக்கு யூரியா போட்டேன்" என்றேன்.

இங்கேகூட இன்றுவரை அந்தச் சொல்லை எழுதியதில்லை. வாளித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது என்று எழுதியிருக்கிறேன். யூரியா கரைந்தால் தண்ணீர் குளிரும்.

"என் நாத்தும் மஞ்சளாத்தான் வந்துச்சு. மரத்தூள் போட்டது தப்பு. அண்ணன் மூட்டையில இருந்து யூரியா எடுத்துக் கரைச்சு ஊத்தினேன். சித்தி கையில ஒரு குறையும் இல்ல."

பூசாரி வீட்டு அம்மா என் தலையைத் தடவினார். கண்ணில் நீர்.

"பாத்தியா, பிள்ளைக்கு மனசை. குருவம்மா வருத்தப்படக் கூடாதுன்னு பழியைத் தான் ஏத்துக்கிருது."

"இந்தக் காலத்துல யாரு சொல்லுவா?"

"அதான் ஆத்தா அது கையில வந்து இறங்கியிருக்கா."

இல்லை, நிஜமாகத்தான் என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் உருகினார்கள். குருவம்மா சித்தி மட்டும் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 8, புதன்

சித்தி வீட்டுக்குப் போனேன். சுளகில் அவரை விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நெசமா?"

"நெசம் சித்தி."

"அன்னைக்கு என் கையைப் புடிச்சுப் பாத்தியே. அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

சொத்தை விதையை எடுத்து வாசலில் எறிந்தாள். இன்னொன்று. இன்னொன்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. நேற்று இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தட்டு போடுவது. ஒன்றில் மரத்தூள் கலந்தது, இன்னொன்றில் தூள் இல்லாத பழைய குப்பை. இரண்டிலும் ஒரே கை விதை போடும். ஒன்று மஞ்சள், ஒன்று பச்சை. கலவைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெளிந்துவிடும். அதை உற்சாகமாகவே விளக்கினேன்.

சித்தி சுளகைக் கீழே வைத்தாள். "அப்ப கையில ஒண்ணுமே இல்லேன்னு ஊருக்குக் காட்டப் போறியா?"

"அப்படி இல்ல சித்தி..."

"ஒரு தடவை பறிச்சது பத்தலையாடி உனக்கு?"

எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் நான் சொன்னதுதான் சரி என்று காட்டத் துடித்திருக்கிறேன். வழியெல்லாம் முகம் எரிந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

காசிராஜன் மாமாவிடம் போய்க் கேட்டேன், நான் முதல் விதை போட்ட தட்டுகளைக் கோவில் முன்னால், குழாயடி மேடையில் வைக்க வேண்டும் என்று. எல்லோரும் தினமும் பார்க்கிற இடம். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படக் கூடாது.

"நெசமாத்தான் சொல்றியாம்மா? இல்ல அவளுக்காகவா?"

"வெளுத்ததும் உங்களுக்கே தெரியும் மாமா."

துண்டை உதறித் தோளில் போட்டார். "வெளுத்துச்சுன்னா உன்னைத்தான் நம்பி நட்டாங்களே மூணு வீடு, அவங்க கோசுக்கு ‘உரம் போடாதது’ன்னு குழு குத்துற முத்திரை கிடையாது. சதுப்புக்கு டிராக்டர் போறதையும் நான் நிறுத்த முடியாது. யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"முன்னாடியே யோசிச்சிருக்கலாம்" என்றார். குரல் உயரவில்லை. தட்டைத் தூக்க அவரே ஒரு பக்கம் பிடித்தார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். மதினி மாங்காய்ப் பச்சடி செய்தாள். மேடையில் நாற்று இளம்பச்சையாக நிற்கிறது. டீக்கடையில் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம். என் பக்கம்தான் கூட்டம் அதிகம். என் பக்கம் என்றால் பச்சையாகவே இருக்கும் என்கிற பக்கம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

இன்னும் பச்சைதான். தன் நாற்று செத்துப்போக வேண்டும் என்று யாராவது சாமி கும்பிட்டிருப்பார்களா. நான் கும்பிட்டேன்.

அண்ணனுக்கு விஷயம் முழுதும் எட்டிவிட்டது. அவன் என்னிடம் பேசுவதில்லை. சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

மதியம் பாத்திரம் துலக்கும்போது மதினி மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். சாக்கு வாயை உங்க அண்ணன் ஒரு சுத்து சுத்தி விட்டுருவாரு. ரெண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. அது உன் கட்டு."

"ஏன் மதினி சொல்லலை?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்." கரியைத் தேய்த்தாள். "இப்ப நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ஒரு செம்புத் தண்ணி. குழாயடிக்குப் போறவ கையில செம்பு இருந்தா யாரு கேக்கப் போறா? நாத்து பச்சையாவே நிக்கட்டும். நீ பழியை ஏத்துக்கிட்டதாவே இருக்கட்டும். உங்க அண்ணன் தலை நிமிர்ந்து சந்தைக்குப் போவாரு."

அவள் கெட்டவள் இல்லை. கண் கலங்கிப்போய்ச் சொன்னாள். சதுப்பும் தப்பும், அண்ணனும் தப்புவான், மூன்று வீட்டுக்காரர்களும் தப்புவார்கள். ஒரே ஒருத்தி மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. உடனே சொல்லவில்லை. கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகுதான் சொன்னேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மஞ்சள்.

காலையில் குழாயடியில் எனக்கு முன்னால் நின்ற பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதைக்கு ஒதுங்குவது வேறு மாதிரி இருக்கும். பூசாரி வீட்டு அம்மா ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "கோவில்ல வச்சு உன் தலையைத் தடவுனேனேடி" என்றார். அவ்வளவுதான்.

நடவு செய்த மூன்று பேரில் ஒருவர் வீட்டு வாசலுக்கு வந்து அண்ணனைத் திட்டினார். அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். உள்ளே இருந்த நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே போக வேண்டும் என்று தெரிந்து, போக முடியாமல், அப்புறம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் நிறுத்திவிட்டார். திட்டக்கூடத் தகுதி இல்லாதவளைப் போல.

ஏப்ரல் 26, ஞாயிறு

குழுக் கூட்டம். என்னை உள்ளே உட்காரச் சொல்லவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. வாசற்படிக்கு அருகே நின்றேன். என் நாற்று போன பாத்திகளுக்கு இந்த முறை முத்திரை இல்லை. எனக்கு அடுத்த வருடம் முடியும் வரை நாற்று விட அனுமதி இல்லை.

டிராக்டர்காரர் எழுந்தார். "அப்புறம் என்ன, கருமண்ணுக்கே போயிருவோம். குப்பையும் வேணாம் கூளமும் வேணாம்."

பலர் தலையாட்டினார்கள். எனக்குப் பேச வாய் இல்லை. நான் பேசினால் அதற்காகவே எதிர்த்து வாக்குப் போடுவார்கள்.

பின்னாலிருந்து குருவம்மா சித்தி குரல் வந்தது. "இருங்கய்யா. அவசரமா எங்க போறீக?"

"என்னத்தா?"

"முளைப்பாரிச் சட்டிக்கு இந்த வருசம் கருமண்ணு கொண்டாராதீக. குப்பை போடுவோம். இந்தா நிக்குறாளே இவ மதினி, பஞ்சவர்ணம், அவ கொல்லையில மூணு வருசத்துக் குப்பை கிடக்கு. தூளு கீளு கலக்காதது."

"சாமி காரியத்துல பரீட்சையா?"

"பரீட்சை இல்லய்யா. என் கை குப்பையில தோத்துச்சுன்னு ஊரு முழுக்கப் பேசுனீக. குப்பையிலயே ஜெயிச்சுக் காட்டுறேன். அதுவரைக்கும் ஒரு மம்பட்டி சதுப்புல இறங்கட்டும், நான் போய் நடுவுல படுத்துக்கிருவேன். டிராக்டரை மேல ஏத்திக்கிட்டுப் போங்க."

"உங்க மேல ஏத்துனா டிராக்டருல்ல கவுந்துரும்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்காக அவள் இதைச் செய்யவில்லை. சதுப்புக்காகவும் இல்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

மதினியும் நானும் குப்பை சுமந்தோம். கறுத்து, ஈரமாக, வாசனையே இல்லாமல் இருந்தது. முளைப்பாரி வீட்டு வாசலில் கொட்டச் சொன்னார்கள். மதினி உள்ளே போனாள். விரதம் இருப்பவர்கள் மட்டும் உள்ளே என்றார்கள் என்னிடம். நானும்தான் விரதம் இருக்கிறேன். சொல்லவில்லை.

குலவைச் சத்தம் கேட்டது. அவள் விதை தூவிவிட்டாள்.

கலைந்து வரும்போது பூசாரி வீட்டு அம்மா சொன்னார், "தினமும் ஊத்தத் தண்ணி வேணும். ஊற்றுல இருந்து நீதான் கொண்டுவரணுமாம். குருவம்மா சொல்லிட்டா."

மே 5, செவ்வாய்

தினமும் காலையில் சதுப்புக்குக் கீழே இருக்கும் ஊற்றில் ஒரு குடம் எடுத்து வருகிறேன். போன வருடம் இந்நேரம் காய்ந்து கிடந்த ஊற்று. கோடை மழை முன்னதாகப் பெய்தது, அதனாலும் இருக்கலாம். இனிமேல் எதையும் உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

இன்று வாசலில் குடத்தை இறக்கினேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளிச்சம் படாமல் மூடி வைத்த அறை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சட்டி சட்டியாக சாண் உயரத்துக்கு முளை நெருக்கி நின்றது, நுனியிலிருந்து அடிவரை மஞ்சள். வெயில் காட்டாமல் வளர்ப்பது, அப்படித்தான் இருக்க வேண்டும். எவ்வளவு மஞ்சளாக, எவ்வளவு நீளமாக வருகிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். உள்ளே பெண்கள் கும்மி பழகிக்கொண்டிருந்தார்கள்.

குருவம்மா சித்தி வந்தாள். நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்தவில்லை.

"எப்படி இருக்கு?"

"நல்லா வந்திருக்கு சித்தி."

"கருமண்ணை விட ஒரு விரக்கடை கூடுதல்டி. காசிராஜன் வந்து பாத்துட்டு வாயைப் பொளந்துட்டுப் போறான்." கையைத் தூக்கி விரல்களை என் முன்னால் ஒருமுறை ஆட்டிக் காட்டினாள். பிறகு குடத்தைப் பார்த்தாள். தினமும் கேட்பதையே கேட்டாள், உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி:

"வெறும் தண்ணிதானே?"

உள்ளே சிரிப்புக் கேட்டது. கும்மி நின்றது.

"வெறும் தண்ணிதான் சித்தி."

குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். கண் என் முகத்திலேயே இருந்தது. பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள்.